புது டர்போவின் முதல் ஓட்டம்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் பெரிய டர்போ ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்தது. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊதுவது அதன் வேலை.

"மெதுவா ஊதுங்கண்ணே, நான் பழைய ரப்பர்," என்று கெஞ்சியது காற்றுக்குழாய்.

டர்போ கேட்கவில்லை. மூச்சைப் பிடித்து ஊதியது. டமார்! குழாய் பிய்த்துக்கொண்டு போக, கார் நடுரோட்டில் நின்றது.

மெக்கானிக் வந்து பளபளக்கும் அலுமினியக் குழாயை மாட்டினார்.

"இப்ப எவ்வளவு வேணா ஊதுங்கண்ணே!" என்றது புதுக்குழாய்.

டர்போ ஊதியது. கார் பறந்தது. "இன்னும்! இன்னும்!" என்று குழாய் கூத்தாடியது. காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரே சூடாகிக் கத்தியது.

எதிரே பெரிய வளைவு வந்தது.

சக்கரத்தோரம் இருந்த பழைய பிரேக் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"ஏங்க, என்னை யாரும் மாத்தவே இல்லையே?"