ஒருவருக்கு ஒரு தாள்

“ஒருத்தருக்கு ஒரு தாள்தான்னு இவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கு. கண்ணுல படலையா சார்?”

நூலகர் கேட்டதும், நீலப் பைக்காரர் தன் கையிலிருந்த கத்தையைப் பார்த்தார். நாற்பது தாள் இருக்கும்.

“பட்டுது மேடம். ஆளுங்க நிறைய இருக்காங்க, அதான்.”

“எங்க, உங்க வீட்டுலயா? நாற்பது பேரா?”

“கிட்டத்தட்ட.”

அவ்வளவுதான். கத்தையைப் பைக்குள் செருகிக்கொண்டு நடையைக் கட்டினார்.

“வாராவாரம் அள்ளிட்டுப் போயி எடைக்குப் போடுறாரு, வேறென்ன? நல்ல கனமான தாள்” என்றார் புத்தகம் அடுக்கும் அக்கா.

நூலகர் சுவரிலிருந்த அறிவிப்பை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார். பேப்பர் மாடல் என்றால் என்னவென்று மேலிடத்துக்குப் புரியவைக்கவே அவருக்கு ஆறு மாதம் பிடித்திருந்தது. வெட்டி, மடித்து, ஒட்டினால் வீடாகவும் கடையாகவும் மணிக்கூண்டாகவும் எழுந்து நிற்கும் தாள். சனிக்கிழமைதோறும் புது மாடல், இலவசம். செய்து கொண்டுவந்தால் முன்மேஜையில் காட்சிக்கு வைப்பார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் போகிற போக்கில் நாலு புத்தகமும் எடுப்பார்கள். இதுதான் திட்டம்.

பன்னிரண்டு வாரம் ஓடிவிட்டது. மேஜையில் இருந்தவை இரண்டே வீடுகள். ஒன்று நூலகர் ஒட்டியது. இன்னொன்று அக்கா ஒட்டியது. அது வீடுதான் என்று பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மாவட்ட அலுவலர் வந்தார். மேஜையை ஒரு முறை சுற்றி வந்தார்.

“ஐந்நூறு தாள் போயிருக்கு. வந்தது ரெண்டு. இதோட நிறுத்திக்கலாமேம்மா?”

நூலகர் அக்காவின் வீட்டை நேராக நிமிர்த்தி வைத்தபோது வாசலில் பைக்காரர் தெரிந்தார். இரண்டு கைகளிலும் ஏந்தியபடி பெரிய அட்டை ஒன்று.

“இவர்தான் சார்! மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போறவர் இவர்தான்…”

அட்டை மேஜையில் இறங்கியது.

ஊர். ஒரு முழு ஊர்.

தெருத்தெருவாக வீடுகள். பேருந்து நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, நடுவில் மணிக்கூண்டு. மொட்டைமாடிகளில் நூலாக முறுக்கிய காகிதக் கொடிகள். அவற்றில் விரல் நகத்தைவிடச் சிறிய சட்டைகள் காய்ந்தன. தாளில் அச்சடிக்காதவை இவை. குனிந்து பார்த்த அக்கா நிமிரவேயில்லை. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எந்த பிளேடு சார் போட்டீங்க? நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!” என்றார் அலுவலர்.

“பிளேடு இல்லீங்க. கத்தரிக்கோலும் இல்ல. மடிச்சு, மடிப்புல எச்சில் தொட்டு, நகத்தாலயே கிழிச்சது. பசைக்குக் கஞ்சி.”

“எல்லாமேவா?”

“எல்லாமே. நாற்பது பேரு, மூணு மாசம்.”

“ஏன் சார், ஒரு கத்தரிக்கோல் வாங்கிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றார் நூலகர்.

பைக்காரர் நூலகரையும் அலுவலரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் சிறைக் காவலர் மேடம். உள்ள அதெல்லாம் அனுமதி இல்ல. யாருக்குன்னு முதல்லயே சொன்னா தாள் குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு…”

கொடுத்திருப்பேன் என்று சொல்லத்தான் நூலகர் வாயைத் திறந்தார். உண்மையாகவே கொடுத்திருப்பாரா என்பது அவருக்கே தெரியவில்லை.

“சனிக்கிழமைக்கு எண்பது தாள் அடிச்சிடுங்கம்மா” என்றார் அலுவலர், மெதுவாக.

நூலகர் தெருக்கோடி வீட்டின் கதவை விரல் நுனியால் தொட்டார். அது திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. அதற்கடுத்ததும்.

“கதவு சும்மா படம்தான், கிழிக்கக் கூடாதுன்னு தாள்லயே போட்டிருக்கு, வாய் வலிக்கச் சொன்னேன் மேடம்” என்றார் காவலர். “அதை மட்டும் ஒருத்தரும் கேக்கல.”