டோனியின் முழங்கால்

மர ஜன்னல் இடுக்குகளில் நுழையும் மதிய வெயில், குடத்தில் சாய்த்து வைத்த லினெட்டின் போனில் வரிவரியாய் விழுகிறது. மெல்பர்னில் அவள் அண்ணன் டோனியின் கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது. ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் பேர்போன ஃபார்வர்ட். ஆனால் அம்மா ஸ்டெல்லாமேரி அவன் அடித்த கோல்களைக் கவனித்ததே இல்லை. மூன்று முறை ஆபரேஷன் ஆன இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது போன் திரையில் இரண்டு பேர் அவனைத் தோளில் தூக்கிவர, இறால் உரிக்கும் அவள் கை நின்றுபோகிறது. “பாவிங்க, திரும்பவும் ஒடைச்சிட்டானுங்களாடி?” “இல்லம்மா, கடைசி மேட்ச் ஆடுனவங்கள இப்பிடித்தான் தூக்கிட்டுப் போவாங்க. மரியாத.” “மரியாத இருக்கட்டும். எறக்கிவுடச் சொல்லு, நடக்கறானான்னு பாக்கணும்.” லினெட் சிரிக்கிறாள். மைதானத்தின் எல்லைக்கோட்டருகே டோனி இறங்குகிறான். கூட்டமே எழுந்து கைதட்ட, ஸ்டெல்லாமேரி இறால் ஒட்டிய இரு கைகளையும் திரையை நோக்கி நீட்டுகிறாள். “மெதுவா கால வெச்சி வாடா கண்ணு.”