இருபத்தைந்தாவது காசு

“சிறுமலையில இன்னிக்கும் மழையாம்ட்டி. பாறையெல்லாம் வழுக்கும்” என்றாள் சண்முகவடிவு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் தாரணி அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தாள். “கை வளையல் எங்கம்மா?” என்று கேட்டாள்.

அப்பா நல்லசிவம் இறந்து ஒன்றரை வருஷமாகிறது. அதிலிருந்து கோபாலபுரம் வீட்டில் அம்மா தனியாக உட்கார்ந்து ஆன்லைனில் பழங்காசு ஏலம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் ஒரே மாதிரிக் காசு, இரண்டு மீன் போட்ட பாண்டியர் செப்புக்காசு.

ஏனென்று கேட்டால் பேச்சு மலைக்குப் போய்விடும். ஐப்பசியில் அட்டை கடிக்கும், தையில் பனி விலகப் பத்து மணியாகும் என்று ஆரம்பித்துவிடுவாள். அம்மாவுக்குப் புத்தி பிசகுகிறதோ என்று தாரணி பயந்தாள். போனை வாங்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, அடையாறிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடும் முடிவோடுதான் இன்றைக்கு வந்திருந்தாள்.

“போனைக் குடும்மா.”

“பதினோரு மணிக்கு ஏலம் முடியுது. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அப்புறம் போனை நீயே வச்சுக்க.”

“வளையலை வித்தாச்சு. அடுத்தது என்ன, வீடா?”

“என் கை, என் வளையல். உனக்கென்ன?”

தாரணி வாசலுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருப்பு ஸ்டாண்டில் அப்பாவின் மலையேறும் ஷூ இருந்தது. பாண்டி பஜார் பக்கம் கவரிங் கடை வைத்திருந்தவர், பத்து வருஷம் மாதம் தவறாமல், மழை வாரமாகப் பார்த்துச் சிறுமலைக்குப் பழங்காசு தேடிப் போனார்.

ஷூவை எடுத்துத் தூசி தட்டினாள். அடியில் ஒரு தேய்மானம் இல்லை, ஒரு கீறல் இல்லை. எதையும் அப்படிப் பேணுகிற மனுஷர் என்று நினைத்ததும் மறுபடி அழுகை வந்தது.

அவள் வரச்சொல்லியிருந்த செந்தில்குமார் அப்போதுதான் பைக்கை நிறுத்தினார். காசு சேகரிப்பவர்கள் சங்கத்தில் செயலாளர். அவர் சொன்னாலாவது அம்மா கேட்பாள் என்று தாரணிக்கு ஒரு நம்பிக்கை.

அம்மாவின் பிஸ்கட் டப்பாவை வாங்கி, இருபத்துநாலு காசையும் மேஜையில் வரிசையாக வைத்தார். லென்ஸை ஒவ்வொன்றாக நகர்த்தியவருக்கு, நாலாவது காசிலேயே முகம் மாறிவிட்டது.

“அந்தக் காலத்துல ஒவ்வொண்ணா கையால அடிச்ச காசு, மேடம். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கவே இருக்காது. இதுல எல்லாத்துலயும் வால் பக்கம் அதே புள்ளி, ஓரத்துல அதே உடைசல் கீது. ஒரே அச்சுல ஊத்தி எடுத்த டுபாக்கூர்.”

“கேட்டியாம்மா?” என்றாள் தாரணி.

“கேட்டேன்” என்றாள் சண்முகவடிவு. போனில் யாரோ விலையை ஏற்றியிருந்தான். அவள் விரல் அதற்கு மேல் ஏற்றியது.

“ஐயோ, இன்னா மேடம் இது! அதுவும் அதே டுபாக்கூர்தான், போட்டோலயே தெரியுதே!” செந்தில்குமார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “நல்லசிவம் சார் பேரைச் சொல்லித்தான் இதை விக்கிறானுங்க. மழை விட்ட மறுநாள் சிறுமலை ஓடையில சார் எடுத்ததுன்னு கதை வேற. சார் மேல எங்க சங்கத்துல எவ்ளோ மரியாதை தெரியுமா? அவர் பேரைக் கெடுக்குறானுங்க!”

“விடக்கூடாது சார்” என்றாள் தாரணி.

“வுடமாட்டேன். காசை எங்கிட்ட குடுங்க, போலீஸ்ல எழுதிக் குடுத்துர்லாம். எவன் கையிலேர்ந்து வந்துச்சுன்னு கேட்டுக்கினே போனா, முதல்ல ஊத்துனவன் மாட்டிருவான்.”

சண்முகவடிவு ஒரு கையால் இருபத்துநாலையும் வழித்து டப்பாவில் போட்டு மூடினாள்.

“ஒரு காசுகூட என் வாசப்படியைத் தாண்டாது. காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி.”

“அம்மா!” தாரணி போனைப் பிடுங்கப் பாய்ந்தாள்.

“தொட்டுப் பாருட்டி!”

அறுபத்தாறு வயசுக் குரலா அது? தாரணியின் கை நடுவழியில் நின்றது. மணி பதினொன்று. போன் டிங்கென்றது, இருபத்தைந்தாவது காசும் சண்முகவடிவுக்கு விழுந்துவிட்டது.

அவள் போனை அணைத்து மகள் கையில் வைத்தாள். “எடுத்துக்க. இனிமே இதுல எனக்கு வேலையில்ல. ஊருல வேற எவன் கையிலயும் அந்தக் காசு கிடையாது.”

செந்தில்குமார் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். தாரணி அப்படியே தரையில் உட்கார்ந்து விசும்பினாள்.

“இப்படி ஏமாந்துபோய் நிக்கிறியேம்மா! அப்பா இருந்திருந்தா, பாத்ததுமே அது போலின்னு சொல்லியிருப்பாரே!”

சண்முகவடிவு வாசலுக்குப் போய் அந்த ஷூவை எடுத்துவந்து, மகளின் மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வளையலில்லாத கையால் அவள் தலையைக் கோதினாள்.

“சொல்லியிருப்பாருட்டி. அச்சு நம்ம பரண்லதான கெடக்கு.”