முதல் அசைவு

மலைச்சாலை வளைவில் ஏறும்போதே ஜீப் மூச்சுவாங்கி நின்றுவிட்டது.

"வண்டி சூடாயிடுச்சிங்க. கொஞ்சம் ஆறட்டும், தண்ணி ஊத்திட்டுக் கெளம்பிடலாம்."

ஓட்டுநர் ராஜவேலு பிளாஸ்டிக் குடத்தோடு ஓடைப்பக்கம் இறங்கிப் போனான். கால் நீட்டிக்கொள்ள மற்றவர்களும் இறங்கினார்கள்.

உள்ளே ஜெயசுதாவும் அவள் அக்கா சிவசங்கரியும் மட்டும். திருப்பத்தூரில் வண்டி கிளம்பியதுமே அக்கா தங்கையின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவள் புதூர்நாட்டுப் பள்ளியில் ஆசிரியை. கல்லூரி விடுமுறை முடியும்வரை தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்ளத் தங்கையை அழைத்துப் போகிறாள்.

பட்டப்பகலில் மேகம் சாலைக்கு இறங்கியிருந்தது. அடுத்த வளைவு தெரியவில்லை. கடந்து வந்த வளைவையும் காணோம். பின்சீட்டு மூட்டையிலிருந்து பலாப்பழ வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது.

தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம். தண்ணீருக்குள் யாரோ இமை கொட்டியதுபோல.

ஜெயசுதா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் மாதம். மூத்தவன் வயிற்றிலிருந்தபோது இது வந்ததே தெரியாமல் போயிற்று. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தாள். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று அவள் கணவன் இன்றும் கேலி செய்கிறான்.

இந்த முறை ஏமாறவில்லை.

கருவில் கால் உருவாகிற விதம் அவள் வருடாவருடம் கரும்பலகையில் வரைவதுதான். முதுகுத்தண்டின் ஓரத்திலிருந்து உயிரணுக்கள் கிளம்பும். இன்னும் காலாகாத ஒரு சின்ன மொட்டுக்குள் ஊர்ந்துபோகும். அங்கே ஒன்றோடொன்று கலந்து நீண்ட தசை இழைகளாகும். முதலில் உருவாகிறவை பெரும்பாலும் நிதானமானவை. மெல்ல இழுக்கும், லேசில் களைக்காது. அதற்குள் நரம்பும் வந்து தொட்டுவிடும். முதல் இழைகளை ஒட்டிக்கொண்டே இரண்டாம் கூட்டம் பிறக்கும். துள்ளவும் உதைக்கவும் வேண்டிய வேகக்கார இழைகள் அதில்தான் அதிகம்.

மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். மணி அடித்துவிடும்.

இன்று மணி அடிக்க யாருமில்லை. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. வெளியே இருக்கிற வெண்மையும் உள்ளே இருக்கிற நீரும் ஒன்றுதான் என்று தோன்றியது. தானும் அதில்தான் மிதப்பதுபோல் இருந்தது. எங்கோ பக்கத்தில் இருட்டுக்குள் இழை இழையாக ஒரு கால் திரண்டுகொண்டிருக்கிறது. நாளெல்லாம் மலையேறியும் ஓயாத காலோ, வரப்பைக் கண்டால் தாண்டுகிற காலோ. அதற்கே இன்னும் தெரியாது.

எத்தனையோ நாளாக அசைந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவளை எட்டுகிற அளவுக்கு இன்றுதான் பலம் வந்திருக்கிறது.

மறுபடியும். இப்போது கொஞ்சம் அழுத்தமாக.

உள்ளங்கையை அங்கே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. ஏதாவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

ராஜவேலு பானட்டை அறைந்து மூடினான். சிவசங்கரி திடுக்கிட்டு விழித்தாள். தங்கையின் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் தூக்கமெல்லாம் போய்விட்டது.

"இன்னாடி, எம்புள்ள அசைஞ்சுதா?"

தங்காமல் போன கருக்களுக்குப் பிறகு கர்ப்பப்பையையும் இழந்தவள் சிவசங்கரி. அவளும் அவள் கணவனும் தந்த கருவை மருத்துவர்கள் ஜெயசுதாவின் வயிற்றில் வைத்தார்கள். பெத்துக் கையில குடுத்துட்டுப் போய்ட்டே இருப்பேங்க்கா என்று அன்று ஆஸ்பத்திரியில் சிரித்தவள் ஜெயசுதாதான்.

உள்ளங்கைக்கு அடியில் அது மூன்றாம் முறையாக அசைந்தது.

"இன்னும் இல்லக்கா."

சிவசங்கரியின் முகம் வாடியது. மெல்ல மறுபடியும் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆட்கள் ஏறினார்கள், ஜீப் கிளம்பி மேகத்துக்குள் போயிற்று.

ஜெயசுதா கையை எடுக்கவில்லை.