வாடகைக்கு வந்த குளிர்

தோஹாவில் ஒரு வில்லாவின் மொட்டைமாடியில் பழுதான ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தான் வேலாயுதம். ஊரிலிருந்து தங்கை செந்தாமரை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, குளிரே பிடிக்கலண்ணே. வாடகைக்குக் கொண்டுவந்தவன் போனை எடுக்க மாட்டேங்குறான்."

ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டான். "கம்ப்ரசர் ஓடுதா?"

"உறுமிட்டு உறுமிட்டு நின்னுருது."

"வோல்டேஜ் பத்தல. அந்த ஒயர்ல வேற என்ன மாட்டியிருக்கு?"

"பந்தல் லைட்டு."

"அதைக் கழட்டு. சுவத்தை விட்டு ஒரு முழம் தள்ளி வை, அனல் வெளிய போகட்டும். யாரும் திறக்கக் கூடாது."

"வர்றவங்கல்லாம் திறக்கச் சொல்றாங்கண்ணே."

"திறந்து திறந்து மூடினா எப்படிக் குளிரும்?"

வீட்டுக்காரம்மா சூட்டில் தவிப்பதாகக் கீழேயிருந்து சூப்பர்வைசர் கத்தினான். "ஜல்தி பாய், ஜல்தி!" காலை வெயிலிலேயே தகடு கையைச் சுட்டது. வேலாயுதத்துக்கு உறைக்கவில்லை. அடுத்த ஸ்குரூவைக் கழற்றினான்.

ஐந்து நிமிடத்தில் செந்தாமரையின் குரல் தெளிந்தது.

"ஓடுதுண்ணே! கண்ணாடியில பனி படியுது. நாளைக்குக் காலையில நீ வர்ற வரைக்கும் தாங்குமில்ல?"

"ரெண்டு நாள்கூடத் தாங்கும்."

கழற்றிய ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டான்.

"தாமரை, லீவு கிடையாதுன்னுட்டாங்க. ஐஸ்பெட்டியை நிறுத்திரு. பொழுது சாயறதுக்குள்ள அம்மாவை எடுத்திருங்க."