ஜிகினா போன ஊர்வலம்

டீச்சர், பூவிழியின் உள்ளங்கையில் ஜிகினாத் தூளைத் தடவி, வகுப்பில் எல்லோருக்கும் கை கொடுக்கச் சொன்னார். ஜிகினாவுக்குத் தலைகால் புரியவில்லை. கைக்குக் கை தாவியது. கதவுப் பிடியில் ஏறியது, தண்ணீர் பாட்டிலில் ஒட்டியது, கடைசியில் டீச்சரின் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்துவிட்டது!

"நான் போகாத இடமே இல்லை!" என்று கூவியது.

பக்கத்தில் இருந்த கிருமி பதறியது. "கத்தாதடி! நானும் உன்கூடவேதான் வந்தேன். யாராவது பார்த்தாங்களா?"

"நீ மின்னலையே, பாவம்!"

வகுப்பே டீச்சர் மூக்கைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அவரவர் கையைப் பார்த்தது. டீச்சர் உட்பட எல்லோரும் சோப்பும் கையுமாகக் குழாயடிக்கு ஓடினார்கள்.

நுரையில் வழுக்கிக்கொண்டே கிருமி அலறியது: "கொஞ்சம் மின்னாம இருந்திருந்தா, மத்தியானம் எல்லார் வயித்துலயும் நாம இருந்திருப்போமேடி!"