மூன்றாம் பக்கத்துக் கட்டைவிரல்

கடன் ஏஜெண்ட் ஜஸ்டின் மறுபடியும் கூப்பிட்டான்.

"மேடம், தாய்ப்பத்திரத்துல மூணாம் பக்கத்தை மாத்தி அனுப்புங்க. கீழ் மூலையில வெரலு மறைச்சுகினு கீது. சாயங்காலத்துக்குள்ள ஏத்தலன்னா லோன் தள்ளிப்பூடும்."

ஷோபனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டாபிராமில் வாங்கப்போகும் வீட்டின் பத்திர ஜெராக்ஸைக் கட்டிலில் பரப்பி, ஒரு கையால் அழுத்திக்கொண்டு போனில் படமெடுத்தது அவள்தான். விரல் விழுந்திருக்கும். கணினியில் பிடிஎஃப்பைத் திறந்து, அந்த ஓரத்தை வெட்டிச் சேமித்தாள்.

திரும்பத் திறந்தபோது விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

மறுபடி வெட்டினாள். மறுபடி வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். தடித்த கட்டைவிரல், நகம் பிளந்திருந்தது. தாள் முழுக்கக் கறுப்பு எழுத்துதான். விரல் நுனியில் மட்டும் நீல மை. நிலத்தை முதலில் விற்றவர் கைநாட்டு வைத்த பக்கம் அது. ஷோபனா தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். போன வாரம் வைத்த மருதாணி இன்னும் அழியவில்லை.

கணவன் பிரசன்னாவை அழைத்தாள்.

"புதுசா ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன், ஷோபி. இதுக்குப் போய் ஆபீஸ் நேரத்துல கூப்பிடுவியா?"

அவன் சொல்வதும் சரிதான். போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள்.

ஃபேனை அணைக்க மறந்திருந்தாள். அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தாள்கள் அறையெங்கும் பறந்து கிடந்தன. மூன்றாம் பக்கம் மட்டும் கட்டிலில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மூன்று மூலைகள் காற்றில் படபடத்தன.

நான்காவது மூலை அசையவில்லை.